பச்சைக் குழந்தையின் சிறுநீர்க்குழாய்: ஏன் ஒரே அறுவையில் முடிக்கவில்லை?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, நாங்கள் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு இது தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. ஏழாம் மாத ஸ்கேனிலேயே இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பிறந்த 19-ஆம் நாள் காய்ச்சல் வந்து, பால் குடிக்காமல் துவண்டு போனான். தருமபுரியில் சேர்த்தோம்; அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். இடது குழாய் 14 மில்லிமீட்டர் விரிந்து சீழ் கட்டியிருக்கிறது, அதன் கீழ்முனை அடைபட்டிருக்கிறது என்று சொல்லி, 26-ஆம் நாள் அறுவை செய்து, குழாயின் முனையை இடது அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு இரண்டரை மாதம். அந்தத் துவாரம் வழியாகச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே சேர்க்கும் அறுவை ஒரு வயதுக்கு மேல்தான் என்கிறார்கள். வேறொரு ஊரில் கேட்டபோது, அடுத்த மாதமே ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது? ஸ்கேனில் இடது சிறுநீரகம் 31 சதவீதம் என்று வந்திருக்கிறது. மீதி 69 சதவீதம் போய்விட்டதா? நான் கர்ப்பமாக இருந்தபோது போர் தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். தாய்மாமனைக் கட்டியதால்தான் என்கிறார்கள் ஊரில். துவாரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது? ஒன்பதாம் மாதம் குலதெய்வம் கோவிலில் மொட்டை அடிக்கலாமா?

– ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் ஸ்கேன் அறிக்கைகளையும் நிதானமாகப் படித்தேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்; காரணங்களைப் பின்னால் விளக்குகிறேன். சேலத்தில் உங்கள் மகனுக்குச் செய்திருப்பது சரியான அறுவை, அதுவும் உரிய நேரத்தில் செய்யப்பட்ட அறுவை. குழாயைச் சிறுநீர்ப்பையோடு சேர்க்கும் இரண்டாவது அறுவையை ஒரு வயது கடக்கும்வரை தள்ளி வைத்திருப்பதும் சரியே. குழந்தைகள் அறுவைத் துறையில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் நான் காத்திருக்கவே சொல்வேன்.

சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டு சேர்ப்பது யூரிட்டர் எனப்படும் சிறுநீர்க்குழாய். குழந்தைகளில் இது 5 மில்லிமீட்டருக்கு உள்ளாகவே இருக்கும்; 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் விரிந்த குழாய் என்று கணக்கு. இது தண்ணீர் தானாக வழிந்து ஓடும் வெறும் குழாயன்று. இதன் சுவரில் தசை இருக்கிறது; நிமிடத்துக்குச் சில முறை மேலிருந்து கீழாகச் சுருங்கி, சிறுநீரைச் சிறு சிறு மிடறாகத் தள்ளிவிடுகிறது. உங்கள் மகனின் துவாரத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சிறுநீர் ஒரே சீராக ஒழுகாது; ஒரு துளி திரளும், நிற்கும், பிறகு சிறு பீய்ச்சலாக வரும். அப்படி விட்டுவிட்டு வருவது குழாயின் தசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம், நிம்மதி அடையலாம்.

உங்கள் மகனுக்குக் குழாயின் கடைசிச் சிறு பகுதி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம், கருவிலேயே சரியாக அமையவில்லை. அங்கே தசைநார்கள் ஒழுங்காக இல்லாததால், மேலிருந்து வரும் சுருக்கம் அந்த இடத்தில் நின்றுபோகிறது. குழாயின் அந்த முனை முழுதாக மூடியிருக்க வேண்டியதில்லை; சுருக்க அலை நின்றுபோனாலே போதும், சிறுநீர் தேங்கும், தேங்கிய பாரத்தில் குழாய் விரியும், நீளும், வளையும். அறுவையின்போது வயிற்றைத் திறந்து பார்த்தால் இப்படிப்பட்ட குழாய் சிறுகுடலைப் போல மடிந்து மடிந்து கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர் குடல் என்றே நினைத்துவிடுவார்.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருவிலேயே சிறுநீரக வீக்கம் தெரியும் குழந்தைகள் அரிதல்ல. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இது தென்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. விரிந்த குழாயோடு பிறக்கும் குழந்தைகளிலும் பெரும்பகுதியினருக்கு, குழாயின் கீழ்முனை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தானே முதிர்ந்து, வீக்கம் வடிந்துவிடுகிறது. ஸ்கேன் அறிக்கையில் சிறுநீரக வீக்கத்தைக் குறிக்கும் ஹைட்ரோநெப்ரோசிஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவைக்குத் தேதி குறிக்க ஓட வேண்டியதில்லை. உங்கள் மகன் அந்தப் பெரும்பகுதியில் சேராமல் போனதற்குக் காரணம் தொற்று. அடைபட்ட இடத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டினால், கட்டியைக் கீறாமல் மாத்திரை கொடுப்பது போலத்தான் ஊசி மருந்தும் பயன்படும். இரத்தத்தில் ஓடும் மருந்து தேங்கிய சீழுக்குள் போதிய அளவு சென்று சேராது. பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தையில் அந்தத் தொற்று இரத்தத்தில் கலக்கச் சில மணி நேரம் போதும். அதோடு உடலின் உப்புச் சமநிலையும் கெடும்: சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். அவன் துவண்டு போனதில் இதற்கும் பங்கு இருந்ததை அன்றைய இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. ஆகவே சீழையும் சிறுநீரையும் உடனே வெளியேற்ற வேண்டிய கட்டாயம் மருத்துவர்களுக்கு இருந்தது.

வெளியேற்ற வேறு வழிகளும் உண்டு. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகலாம். அது நாலைந்து நாளுக்கு உதவும், ஆனால் துள்ளும் குழந்தையின் முதுகில் மாதக்கணக்கில் நிற்காது. சிறுநீர்க்குழாய்க்கு உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைக்கலாம். சீழ் உள்ள குழாயில் அது அடைத்துக்கொள்ளும், எடுப்பதற்கும் மாற்றுவதற்கும் மீண்டும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். குறுகிய முனையைப் பலூனால் விரிக்கும் முறையும் சில இடங்களில் செய்யப்படுகிறது. மூன்று வாரக் குழந்தையின் சிறுநீர்வழி அதற்கான கருவிகளுக்கு மிகக் குறுகலானது. இவற்றோடு ஒப்பிடும்போது, குழாயின் முனையை அடிவயிற்றுத் தோலில் திறந்துவிடும் யூரிட்டரோஸ்டமி என்ற பழைய, எளிய முறை பச்சைக் குழந்தைக்கு நம்பகமானது. உள்ளே எந்தப் பொருளும் இல்லை, அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை, பை கட்ட வேண்டியதும் இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வெளியே கொண்டுவந்த அந்த முனையை, கெட்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அப்போதே சிறுநீர்ப்பையில் தைத்திருக்கக் கூடாதா?

தையல் போடுவது கடினம் என்பதல்ல காரணம். தலைமுடியைப் போன்ற, தானே கரைந்துவிடும் நூல்கள் இருக்கின்றன. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அணிந்துகொண்டு பச்சைக் குழந்தைக்கும் தைக்கிறோம். அமெரிக்காவின் ஹார்டி ஹென்ட்ரன் என்ற அறுவை நிபுணர், கைக்குழந்தைகளுக்கே முழுச் சீரமைப்பையும் செய்துவிடலாம் என்று 1970-லேயே எழுதினார். ஆகவே உங்களிடம் அப்படிச் சொன்ன மருத்துவர் நடக்காத ஒன்றைச் சொல்லவில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. குழாயைச் சிறுநீர்ப்பையில் ஓட்டை போட்டு ஒட்டவைத்தால் மட்டும் போதாது. பையின் தசைக்கும் உள்சவ்வுக்கும் இடையில் சாய்வாக ஒரு சுரங்கம் அமைத்து, அதன் வழியே குழாயை நுழைத்துப் பதிக்க வேண்டும். பை நிரம்பும்போது அந்தச் சுரங்கத்தில் கிடக்கும் குழாய் தட்டையாக அமுங்கும்; அதனால் சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஏறாது. இயற்கை அமைத்திருக்கும் வால்வே இதுதான். சுரங்கத்தின் நீளம் குழாயின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது 1959-இல் பாக்வின் என்பவர் வகுத்த விதி. இன்றும் எங்கள் கையில் அளவுகோல் அதுதான்.

இப்போது உங்கள் மகனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழாய் 14 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு என்றால் 70 மில்லிமீட்டர், ஏழு சென்டிமீட்டர் சுரங்கம். பிறந்த குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளுவது ஏறத்தாழ 30 மில்லி, ஒரு பெரிய பாலாடை அளவு. அது முழுதும் நிறைந்தாலும் நான்கு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை, ஓர் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தின் ஒரு பக்கச் சுவரில் ஏழு சென்டிமீட்டர் சுரங்கத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? குழாயை ஒடுக்கி 6 மில்லிமீட்டர் ஆக்கினாலும் மூன்று சென்டிமீட்டர் வேண்டும். அதற்கே பையின் பெரும்பகுதியைக் கிளறியாக வேண்டும். சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகள் அதன் பின்பக்கத்தில், நாங்கள் வேலை செய்யும் இடத்தை ஒட்டியே வருகின்றன. பச்சைக் குழந்தையில் அவற்றைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். குழாயை நேராக்கப் போய், பை சரியாகச் சுருங்காத குழந்தையை உண்டாக்கினால் அது வாழ்நாள் முழுதும் தொடரும் சுமை.

குழாயின் இரத்த ஓட்டத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். மேல்பகுதிக்கு இரத்தம் உட்பக்கத்திலிருந்தும், இடுப்புப் பகுதிக்கு வெளிப்பக்கத்திலிருந்தும் வருகிறது. அந்த நுண்ணிய நாளங்கள் குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் நெடுக்காக ஓடுகின்றன. குழாயை ஒருமுறை இடுக்கியால் அழுத்திப் பிடித்தாலே அந்த இடம் வெளுத்துவிடும். அதனால் நாங்கள் அதை இடுக்கியால் தொடுவதில்லை, நூல் கோத்து நூலால் தூக்குகிறோம். தொற்றினால் வீங்கிச் சிவந்திருக்கும் குழாயில் இந்த உறை ஈரக் காகிதம் போல இருக்கும். அதை ஒடுக்கவும் தைக்கவும் முயன்றால், தைத்த இடம் இரத்தமின்றி வாடி, வடுவாகச் சுருங்கி, பழைய அடைப்பே திரும்பி வரக்கூடும்.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நான் இந்தத் துறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஐந்து வாரக் குழந்தை ஒன்றுக்கு ஒரே அறுவையில் எல்லாவற்றையும் முடித்தேன். தாய் தந்தையருக்கு இரண்டு முறை அலைச்சல் வேண்டாம் என்று நினைத்தேன். முதல் ஸ்கேன் நன்றாகவே வந்தது. எட்டாவது மாதத்தில் சுரங்கம் சுருங்கி, சிறுநீரகம் முன்னைவிட அதிகமாக வீங்கியது. இரண்டாவது அறுவையில் வடுவுக்குள்ளிருந்து குழாயைப் பிரித்தெடுக்க எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று, குழாயும் நீளம் குறைந்துபோயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது, சிறுநீரகமும் தங்கியது. ஆனால் அந்த அவசரம் என்னுடையது, அதன் விலையைக் கொடுத்தது அந்தக் குழந்தை. அதன் பிறகு, இடம் போதாத பையில் நான் சுரங்கம் அமைத்ததில்லை.

காத்திருக்கும் இந்த மாதங்களில் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். பாரம் நீங்கியதும் குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும். 14 மில்லிமீட்டர் இருந்தது ஒரு வயதுக்குள் பாதியாவதைப் பல குழந்தைகளில் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுருங்கிவிட்டால் இரண்டாவது அறுவையில் குழாயை ஒடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். இன்னொரு பக்கம் சிறுநீர்ப்பை வளரும். சிறுநீரகத்துக்கும் இது முக்கியமான பருவம். குழந்தை பிறந்தபின் சிறுநீரகத்தில் புது வடிகட்டிகள் உண்டாவதில்லை. இருப்பவைதான் வளர்ந்து முதிர்ந்து, ஒன்றிரண்டு வயதுக்குள் முழுத் திறனை எட்டுகின்றன. இந்தப் பருவத்தில் அவை பாரமின்றி வளர வேண்டும். அந்த வாய்ப்பை உங்கள் மகனுக்கு அந்தத் துவாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

31 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கும்போது, அறிக்கையைக் கையில் கொடுத்தவர் இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருக்கலாமே என்று வருத்தமாக இருக்கிறது. அது எஞ்சியிருக்கும் அளவு அல்ல, பங்கு. இரண்டு பேர் சேர்ந்து நூறு குடம் தண்ணீர் எடுத்துவருகிறார்கள் என்றால், இடப்பக்கத்தவர் 31 குடமும் வலப்பக்கத்தவர் 69 குடமும் கொண்டுவந்தார்கள் என்று அந்த ஸ்கேன் சொல்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால் பங்கு 45 முதல் 55-க்குள் இருக்கும். இடது சிறுநீரகம் தளர்ந்திருப்பது உண்மை, ஆனால் அது காப்பாற்றத் தகுந்த சிறுநீரகம். பங்கு பத்துக்கும் கீழே போன சிறுநீரகத்தைத்தான் வைத்திருப்பதா எடுப்பதா என்று யோசிப்போம். மேலும், தொற்று நடந்து அதிக நாள் ஆகாத நிலையில் எடுத்த ஸ்கேன் இது. அடுத்ததில் பங்கு சற்று ஏறவும் கூடும். உங்கள் அறிக்கையில், சிறுநீரகம் வடிகட்டி நீக்கும் இரத்தக் கழிவான கிரியேட்டினின் 0.3 என்று நல்ல அளவில் இருக்கிறது. ஆனால் அது நல்ல நிலையில் உள்ள வலது சிறுநீரகத்தின் உழைப்பைக் காட்டும் எண். இடதைப் பற்றி அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எனவே கிரியேட்டினின் சரியாக இருக்கிறதே என்று, இந்தப் பங்கைக் காட்டும் ரீனோகிராம் ஸ்கேனைத் தவிர்த்துவிடாதீர்கள். ஆறாவது மாதத்தை ஒட்டி அதை மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். அதற்கான அணுக்கதிர் வசதிக்காக வேலூருக்கோ பெங்களூருக்கோ போக நேர்ந்தாலும், அந்த ஒரு நாள் அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடதின் பங்கு ஐந்து பத்து புள்ளி இறங்கியிருந்தால், துவாரம் குறுகிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

துவாரத்தைப் பார்த்துக்கொள்ளும் விதத்தில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் மகனுக்கு வலது சிறுநீரகத்தின் சிறுநீர் வழக்கம்போல் கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே டயப்பர் நனைந்திருப்பதை வைத்து துவாரம் வேலை செய்கிறது என்று நினைக்கக் கூடாது. பழைய வேட்டியைத் துவைத்து வெயிலில் காயவைத்து, நான்காக மடித்த சிறு துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள். துவாரத்தின் மேல் ஒரு துண்டைத் தனியே வைத்து, அதன் மேல் டயப்பரைக் கட்டுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அந்தத் துண்டைத் தொட்டுப் பாருங்கள். அது நனைந்திருக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் உலர்ந்தே இருந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். துவாரத்தின் வாய் உதட்டின் உட்புறம் போல இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். கருத்துப்போனாலோ, வெளியே நீண்டு பிதுங்கினாலோ, ஊசி முனை அளவுக்குக் குறுகினாலோ உடனே காட்ட வேண்டும். துடைக்கும்போது ஒரு சொட்டு இரத்தம் வருவது சாதாரணம். நீங்களாக எதையும் உள்ளே விட்டு அகலப்படுத்தப் பார்க்காதீர்கள்.

தினமும் குளிப்பாட்டலாம், துவாரத்துக்குள் தண்ணீர் போய்விடும் என்ற பயம் வேண்டாம், ஓட்டம் வெளிநோக்கியே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி எண்ணெய், பவுடர், மஞ்சள், வசம்பு எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகை எந்தக் கைக்குழந்தைக்கும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, காயவிட்டு, சுற்றிலும் வாசலினையோ ஜிங்க் ஆக்சைடு களிம்பையோ மெல்லியதாகத் தடவுங்கள். தோல் சிவந்து, அதன் ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்று. அதற்கு வேறு களிம்பு இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், கோடை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் மற்ற குழந்தைகளைவிட இவன் சீக்கிரம் வறண்டு போவான். முதல் நாளே கூட்டிப் போங்கள்.

காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். தெர்மாமீட்டரில் 100.4-ஐத் தொட்டால், மருந்துக்கடை சிரப்பில் ஓர் இரவைக் கழிக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் வருவது வழக்கம்தான்; ஆனால் உங்கள் மகனுக்கு அந்தக் காய்ச்சலிலும் சிறுநீரைப் பரிசோதித்துவிடுவது நல்லது. தடுப்பூசிகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேராகச் சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்று தொப்பூர் கணவாயில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். நள்ளிரவானால் 108-ஐ அழையுங்கள். சிறுநீர் மாதிரி எடுத்து முதல் ஊசியைப் போட்டுவிட்டால், பிறகு எங்கே அனுப்பினாலும் பாதி ஆபத்து நீங்கியிருக்கும். மாதிரியை உடலில் ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்துக் கொடுக்கக் கூடாது. தோலில் உள்ள கிருமியும் அதில் சேர்ந்துவிடும். மெல்லிய குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் அறிந்திருங்கள். காய்ச்சல் இல்லாதபோது துவாரத்திலிருந்து எடுத்த சிறுநீரைக் கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் ஏறத்தாழ எப்போதும் கிருமி வளரும். வெளியே திறந்திருக்கும் வழியில் கிருமி குடியிருப்பது இயல்பு, அது நோயாகாது. அறிக்கையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கடுமையான மருந்து கொடுத்தால், பின்னாளில் உண்மையான தொற்று வரும்போது எந்த மருந்தும் கேட்காத கிருமிதான் மிஞ்சும். இரவில் ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருக்கும் தொற்றுத் தடுப்பு மருந்தை மட்டும், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு நாள்கூட விடாமல் கொடுங்கள்.

இரண்டாவது அறுவையில் அடிவயிற்றின் மடிப்பில் ஒரு குறுக்குக் கீறல் போடுவார்கள். பையைத் திறந்து, குழாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்காகச் சுரங்கத்தில் பதிப்பது 1975-இல் கோஹென் என்பவர் சொன்ன முறை. குழந்தைகளில் அதிகம் செய்யப்படுவது அதுதான். குழாய் அப்போதும் அகலமாகவே இருந்தால், கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டும் மடித்துத் தைத்தோ, ஒரு பக்கத்தைச் சீவி எடுத்தோ ஒடுக்குவார்கள். மேலே உள்ள நீளத்தைத் தொட மாட்டார்கள். தோலில் உள்ள துவாரமும் அன்றே மூடப்படும். இரண்டு மூன்று மணி நேர அறுவை, ஒரு வாரம் ஆஸ்பத்திரி, சில நாள் சிறுநீரில் இரத்த நிறம், பை இழுத்துப் பிடிக்கும் வலி. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆண் குழந்தை என்பதால், முன்தோலை நீக்கினால் சிறுநீர்த் தொற்று குறையும் என்று மருத்துவர் யோசனை சொல்லலாம். அது மதம் சார்ந்த காரியம் அல்ல, மருத்துவக் காரணம் உள்ளது. மறுக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் மேல் சுமத்தப்பட்ட பழியைப் பற்றி. இந்தப் பகுதியை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். தருமபுரி மண்ணில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. பற்களில் பழுப்புக் கறை, எலும்பில் வலி என்று அது தலைமுறைகளை வதைத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் கருவில் உள்ள குழந்தையின் சிறுநீர்க்குழாயை அடைப்பதில்லை. அந்தக் குழாய் மொட்டாக அரும்புவது கரு உண்டான ஐந்தாவது வாரத்தில். நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் உறுதி செய்துகொள்வதே அப்போதுதான். நீங்கள் குடித்ததோ, சாப்பிட்டதோ, தூக்கியதோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ எதுவும் காரணம் இல்லை. சொந்தத்தில் மணம் முடிப்பது பொதுவாகப் பிறவிக் குறைகளின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பதால் நான் அதை ஆதரிப்பவன் அல்லன். ஆனால் உங்கள் மகனுக்கு இருக்கும் இந்தக் குறிப்பிட்ட குறை பெரும்பாலும் குடும்ப வழியாக வருவதில்லை. சொந்தத்தில் மணக்காதவர்களின் குழந்தைகளையும் இதே குறையோடு வாரந்தோறும் பார்க்கிறேன். உங்கள் கணவரும் நீங்களும் அந்தப் பேச்சைச் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த குழந்தைக்கு ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறாமல் எடுத்து, மூத்தவனுக்கு இருந்ததைச் சொல்லிச் சிறுநீரகங்களைக் கவனித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் இரண்டாவது அறுவைக்கும் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்கள் குடும்பத்துக்கு இல்லையென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அறுவைக்குத் தேதி வந்தபின் ஓடினால் அது ஒரு மாதத்தை விழுங்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் வைத்திருந்தால் போதாது. முதல் அறுவையின் குறிப்பில் குழாயை எந்த இடத்தில் வெட்டினார்கள், சிறுநீர்ப்பையில் மீந்த துண்டை என்ன செய்தார்கள் என்பது இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் இரண்டாவது அறுவைக்குப் போகும்போது அதே மருத்துவர் அங்கே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

மொட்டை தாராளமாக அடிக்கலாம், காதும் குத்தலாம். அன்று காய்ச்சல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாவிதரிடம் புது பிளேடு போடச் சொல்லுங்கள். கோவிலுக்கு எடுத்துப்போகும் பையில் துணித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டாவது இருக்கட்டும். அன்றிரவு வீடு திரும்ப எவ்வளவு நேரமானாலும் அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூங்க வையுங்கள்.